நாவடக்கம் தேடிய சமையல்காரர்

காரைக்குடிச் சீமையில் அந்த நாளில் ஒரு வீட்டில் கல்யாணம் பேசி முடித்தால், பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் கழனிவாசல் அழகுசுந்தரத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் சமையலுக்கு நாள் ஒழிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தமே குறிப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சமையல்காரருக்கு உண்டான தொந்தி அவரிடம் கிடையாது. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிவிட்டதுபோல இருப்பார். ஆனால் அவர் தாளித்தால் நாலு வீடு தள்ளித் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

அவருக்குப் பழைய வைத்திய ஏடுகள் மேல் பித்துப் பிடித்தது ஒரு அடுப்படியில்தான். தலைமைச் சமையல்காரராக அவர் ஏற்றுக்கொண்ட முதல் கல்யாணம் அது. முந்தின நாள் பெய்த கோடை மழையில் விறகெல்லாம் நனைந்துபோய், ஊத ஊதப் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அந்த வீட்டு வேலையாள் பெத்தன் ஒரு கூடை நிறையப் பனையோலையைத் தூக்கி வந்து அடுப்பு வாயில் இறக்கினான்.

"இதைப் போட்டுப் பத்த வைங்கண்ணே. கல்யாணத்துக்கு வெள்ளை அடிக்கையில பரணைத் தட்டுனது. காஞ்ச ஓலை, குப்புனு பிடிக்கும்."

அழகுசுந்தரம் ஒரு கை அள்ளிப் போட்டார். ஓரம் சிவந்து சுருளத் தொடங்கிய ஓலையில் எழுத்து தெரிந்தது. ஊர் வாத்தியாரிடம் மணலிலும் ஓலையிலும் எழுதிப் படித்தவர் அவர். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்கமுடியாது. "உண்டது செரியாமல் வயிறு கல்லெனக் கனத்தால்" என்று இருந்தது. ஊரையே உட்கார வைத்துச் சோறு போடப் போகிறவனுக்கு அதைவிட வேண்டிய சேதி ஏது? அடுத்த வரியைப் பார்க்கும் ஆசையில் அடுப்புக்குள் கையை விட்டு ஓலையை இழுத்தார். விரல் சுட்டதுதான் மிச்சம். கனத்தால் என்ன செய்வது என்ற பகுதி சாம்பலாகிவிட்டது.

"பெத்தா, கூடையைத் தூக்கி அங்குட்டு வை."

"அப்ப அடுப்புக்கு?"

"இந்தா என் துண்டு. கிழிச்சு எண்ணெயில நனைச்சுப் போடு."

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து, "பேசினதுக்கு மேல என்னப்பா வேணும், கேளு" என்றார். அழகுசுந்தரம் அந்தக் கூடையைக் கேட்டார். அடுப்பெரிக்கிற ஓலையைக் கேட்கிறானே, புகை தலைக்கேறிவிட்டதோ என்று வீட்டுக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கூடையோடு ஒரு வேட்டியும் சேர்த்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவருடைய வழக்கம் ஒன்றுதான். சாமான் பட்டியல் சொல்லி முடித்ததும், "உங்க வீட்டுப் பரண்ல பழைய வைத்திய ஏடு, புஸ்தகம் ஏதும் கெடக்குதா?" என்று கேட்பார். செட்டிநாட்டு வீடுகளோ, தெருவுக்குத் தெரு நீளுகிற வீடுகள். வாசலில் நுழைந்தவன் பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் வெளியேறலாம். அவற்றின் பரண்களில் என்னதான் இருக்காது? முப்பாட்டன் காலத்துப் பெட்டியடியில் ஒரு விஷக்கடி வைத்தியம் இருக்கும். கண்நோய்க்கு ஒரு கட்டு, மாட்டு வைத்தியத்துக்கு ஒரு கட்டு. பினாங்குக்குப் போய் வந்தவர் கொண்டுவந்த அச்சுப் புத்தகம் ஒன்று, யாழ்ப்பாணத்தில் அடித்தது, அட்டை போய், எலும்புக்கூட்டின் படத்தோடு ஒரு வீட்டில் கிடைத்தது. அதைக் கண்டு பயந்துதான் அந்த வீட்டுக்காரர்கள் அவசரமாகக் கொடுத்தார்கள்.

ஏட்டைக் கொண்டுவந்து, இராமபாணப் பூச்சியைத் தட்டி, புல்லெண்ணெய் தடவி, கோவையிலைச் சாறும் கரியும் பூசித் துடைப்பார். மங்கின எழுத்து மை பூசின கண்போலப் பளிச்சென்று எழும்பும். அந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் வாழ்ந்தார் என்று சொல்லலாம். அவர் யாருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. மருந்து கேட்டு வந்தால், "நான் சோறு ஆக்குறவன், என்கிட்ட வந்து நாடியைக் காட்டாதீக" என்று கைகூப்பிவிடுவார். அவருக்கு வேண்டியது வேறு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வீட்டில் என்ன காய்ச்சிக் கொடுத்தார்கள், இருநூறு வருஷத்துக்கு முன்னால் என்ன கொடுத்தார்கள், எப்போது மாறியது, ஏன் மாறியது? இதை யோசித்துக்கொண்டே வெங்காயம் உரிப்பார்.

ஏட்டின் வயதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அது சமையல்காரர் வழி. ஒரு நாள் பத்திய ரசம் சொல்லுகிற பாட்டு ஒன்றை வாசிக்கும்போது, காரத்துக்கு மிளகு மட்டுமே வருவதைக் கவனித்தார். இன்னொரு கட்டை எடுத்தார். அதிலும் மிளகுதான். மூன்றாவதில் மிளகாயும் வந்தது. மிளகாய் கடல் கடந்து வந்த சரக்கு என்று நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவர் சொல்லி அவர் கேட்டிருந்தார். அன்றைக்கு அவர் வாசலுக்கு ஓடிவந்து, தெருவில் போன வண்டிக்காரரை நிறுத்தி, "அண்ணே, மிளகாய் இல்லைன்னா பழசு, இருந்தா புதுசு!" என்றார். வண்டிக்காரர், "சரிதாம்ப்பா, எங்க வீட்லயும் புதுசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் ஈடு கொடுத்தவள் மனைவி ராக்காயி. ஒக்கூரில் வயலில் வேலை செய்து வளர்ந்தவள். வாயும் கையும் சுறுசுறுப்பு. அறுவடை முடிந்து பிறந்த வீட்டிலிருந்து நெல் வந்து இறங்கிய ஒரு நாள், குதிரின் மூடியைத் திறந்தவள் அப்படியே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்குட்டு வாங்க. நெல்லுக் குதிருக்குள்ள ஓலையைக் கொட்டி வச்சிருக்கீகளே, நெல்லை நான் எங்க கொட்டுறது? உங்க எலும்புக்கூட்டுப் புஸ்தகத்துக்குள்ளயா?"

"குதிருக்குள்ளதான் புள்ள கரையான் ஏறாது."

"அப்ப நெல்லைக் கரையான் தின்னா சரியா?"

இரண்டு பேரும் சண்டை போட்டு, சிரித்து, கடைசியில் புதுக் குதிர் ஒன்று வாங்கினார்கள். அதுவும் அடுத்த வருஷம் ஏட்டுக்குப் போய்விட்டது என்பது வேறு கதை.

சேர்த்த கட்டுகள் பலவற்றில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. "இதன் விரிவை நாவடக்கத்தில் காண்க." "மற்றவை நாவடக்கத்தில் சொன்னபடி." நாவடக்கம் என்பது பத்திய நூல், எந்த நோய்க்காரன் எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று தலைமுதல் கால்வரை பாட்டாகச் சொல்லுவது. எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியாது. வைத்தியர்களைக் கேட்டால், "அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லுவாக, நான் பார்த்ததில்ல" என்பார்கள். ஊருக்கெல்லாம் நாக்கு ருசி காட்டுகிற மனிதர், நாக்கை அடக்கச் சொல்லுகிற புத்தகத்தைத் தேடி வருஷக்கணக்காக அலைந்தார்.

அது வலையபட்டியில் இருந்தது.

உமையாள் ஆச்சியின் மூத்த மகள் கல்யாணம். ஆச்சியின் புருஷன் மெய்யநாதன் செட்டியார் பர்மாவில் கடை வைத்திருந்தார். வீட்டுக் காரியம் முழுவதும் ஆச்சி கையில். கண்டிப்பான மனுஷி. சிரிக்க மாட்டார் என்று ஊரில் பெயர். பலகாரம் சுட முதல் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், சாமி வீட்டிலிருந்து ஒரு ஏட்டுக்கட்டை எடுத்து வந்து பலகையில் வைத்துத் தேங்காய் உடைத்தார். கட்டின் மேல்மரம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. கற்பூரம் காட்டும் வெளிச்சத்தில், சந்தனம் உதிர்ந்த இடத்தில் கீறின எழுத்து அழகுசுந்தரத்தின் கண்ணில் பட்டது. நா. வ. மீதியைச் சந்தனம் மறைத்திருந்தது. 

"ஆச்சி, இந்தக் கட்டு?"

"எங்க வீட்டுச் சாமி. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து கும்பிடுறேன். ஏன்?"

"கொஞ்சம் அந்தச் சந்தனத்தைத் துடைச்சுப் பாக்கலாமா?"

ஆச்சி முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முந்தானையால் தாமே துடைத்தார். நாவடக்கம் என்று நான்கு விரல் நீளத்துக்கு அழகாகக் கீறியிருந்தது.

"ஆச்சி, இது சாமி இல்ல, வைத்தியம். நோயாளி என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு சொல்லுற நூலு. இதைத்தான் நான் இத்தனை காலமாத் தேடுறேன்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொல்லுற நூலா?" ஆச்சியின் புருவம் மேலே போயிற்று. "அதுக்கா நான் வருஷா வருஷம் சர்க்கரைப் பொங்கல் படைச்சேன்?"

சொல்லிவிட்டு ஆச்சி சிரித்தார். அடுப்படியில் இருந்த அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

ஆனாலும் ஏட்டைக் கொடுக்க ஆச்சி சம்மதிக்கவில்லை. கும்பிட்ட பொருள் நிலைப்படி தாண்டினால் அதோடு சீதேவியும் போய்விடுவாள் என்றார். வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். ஆனால் வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாது, எல்லோருக்கும் கேட்க வாசிக்கவேண்டும். "இத்தனை வருஷம் யாரைக் கும்பிட்டேன்னு எனக்கும் தெரியணும்ல" என்றார்.

அதன்பிறகு கல்யாணம் வரைக்கும் தினமும் மத்தியானம் வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரே கொண்டாட்டம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவார்கள். அதிரச மாவு தட்டுவார்கள். நடுவில் ஒரு முக்காலியில் அழகுசுந்தரம். "நெய்யிலே வெந்த பண்டம் நீரிழிவுக்காரர்க்கு நஞ்சு" என்று அவர் வாசித்தால், நெய்ச்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள், "அப்ப நம்ம மாமாவுக்கு இந்தச் சட்டியைக் காட்டாதீக" என்பாள். எண்ணெய்க்கையோடு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரிப்பார்கள். சிரிப்பின் நடுவே, தங்கள் தங்கள் உடம்பைப் பற்றி யாரிடமும் சொல்லாததையும் ஒருவருக்கொருவர் மெல்லச் சொல்லிக்கொள்வார்கள். அழகுசுந்தரம் அந்த நேரம் பார்த்து எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்.

கடைசிப் பகுதி பிள்ளை பெற்றவளுக்கு உரிய பத்தியம். அதன் தலைப்பை வாசித்ததும் ஆச்சி கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார்.

"பெற்றவள் மேனி பச்சை மண்ணே, பக்குவமாகச் சுட்டெடு பெண்ணே" என்று தொடங்கினார் அழகுசுந்தரம். ஏட்டைப் புரட்டினார். அடியில் ஓலை இல்லை. செல் அரித்த துணுக்குகள் மடியில் உதிர்ந்தன. அவ்வளவுதான், நூல் அதோடு நின்றுபோயிற்று.

"மேல படி" என்றார் ஆச்சி.

"இல்ல ஆச்சி. கரையான் தின்னுருச்சு."

 மற்றவர்கள் எழுந்துபோன பிற்பாடு ஆச்சி சொன்னார்: "எங்க ஆத்தா என்னயப் பெத்த சூட்டோட போயிட்டா. அவளுக்கு என்ன கொடுத்தாக, என்ன கொடுக்காம விட்டாகன்னு சின்ன வயசுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தரும் சொன்னதில்ல. இதுலயாவது இருக்கும்னு நெனச்சேன்."

அழகுசுந்தரம் எழுந்து நின்றார். "வேற பிரதி எங்கயாவது இருக்கும் ஆச்சி. நான் தேடிக் கொண்டாந்து இதே எடத்துல உக்காந்து படிச்சுக் காட்டுறேன்."

தேடாத ஊர் இல்லை. கோவிலூர், கீழச்சீவல்பட்டி, பள்ளத்தூர் என்று கல்யாணம் கூப்பிட்ட இடமெல்லாம் முதலில் பரணில் ஏறிவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவார். ஒரு வீட்டில் பரண்பலகை முறிந்து, ஒட்டடையும் வெளவால் புழுக்கையுமாக மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே வந்து விழுந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் நாவடக்கம் என்று சொன்ன கட்டு, பிரித்துப் பார்த்தால் மௌன விரதத்தைப் பற்றியது. அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். "அதைப் படிச்சாவது கொஞ்ச நாளைக்கு ஏட்டுப் பேச்சை நிறுத்துங்க" என்றாள் ராக்காயி.

இப்படி ஐந்தாறு வருஷம் ஓடிற்று. ஒரு ஆடி மாதம்; முகூர்த்தமே கிடையாது. வீட்டில் இருந்த அழகுசுந்தரம், வலையபட்டியில் இருந்து எழுதிக்கொண்டு வந்த தம்முடைய பிரதியை எடுத்து வைத்து, சத்தம் போட்டு ராகமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்காயி கொல்லைப்புறத்தில் புளி அடித்துக்கொண்டிருந்தாள்.

"பெற்றவள் மேனி பச்சை மண்ணே, பக்குவமாகச் சுட்டெடு பெண்ணே..."

அங்கிருந்து ராக்காயியின் குரல் பட்டென்று சேர்ந்துகொண்டது.

"சுக்கப் போட்டுச் சூடேத்து, திப்பிலி போட்டுத் தெம்பேத்து..."

அழகுசுந்தரம் பிரதியைப் பார்த்தார். அந்த அடிக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொல்லைக்கு ஓடினார்.

"என்ன பாடுனே?"

"என்ன, காயப்பாட்டுத்தான். நீங்க தப்புத் தப்பாப் பாடுனீக. பெத்தவ மேனி பச்ச மண்ணுன்னுதான் வரும்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்குக் காய மருந்து இடிக்கையில பாடுவோம். ஒலக்கை போடுறதுக்குத் தோதா. நீங்க எங்குட்டு எடுத்தீக?"

 அவர் புளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் மருந்து இடிக்கும் பக்கம் ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. தம் மூன்று பிள்ளைகளும் ஒக்கூரில்தான் பிறந்தன. மூன்று தடவையும் அவர் ஏதோ ஒரு ஊரில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்.

"முழுசும் வருமா ஒனக்கு?"

"முழுசும் எனக்கு வராது. எங்க ஆத்தா எடுத்துக் கொடுப்பா, நாங்க பின்னாலே பாடுவோம்."

அங்கேதான் சிக்கல். ராக்காயியின் அம்மா கருப்பம்மாள் பழைய முறைக்காரி. மாப்பிள்ளை வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நேராக ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. "மாப்பிள்ளைக்குக் கொழம்பு போதுமான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்லுவாள். அவளைப் போய் மாப்பிள்ளை முன்னால் பாடச் சொல்வதா?

மறுநாளே இருவரும் ஒக்கூருக்கு வண்டி கட்டினார்கள். ராக்காயி உள்ளே போய்ச் சொன்னதும் கருப்பம்மாளின் குரல் வெளியே கேட்டது.

"ஆத்தாடி! மாப்பிள்ளை முன்னாடி நான் வாயைத் தொறக்கவா? ஊரு சிரிக்கும்டி. அதுவும் காய மருந்து இடிக்காம வெறும் ஒலக்கையோட பாடுனா ஆகாது."

அதிர்ஷ்டம் அடுத்த தெருவிலேயே இருந்தது. அந்த வாரம்தான் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி, மருந்து இடிக்க நாள் பார்த்திருந்தார்கள். ராக்காயி நடுவில் நின்று பேசி முடித்தாள். பெண்கள் கருப்பம்மாளின் முற்றத்தில் இடிப்பது. சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டிலில் மாப்பிள்ளை உட்காருவது. கண்ணில் படக்கூடாது, இருமக்கூடக் கூடாது. கூலியாக, இடிக்க வந்த அத்தனை பேருக்கும் கல்யாணச் சாப்பாடு அவர் கையால்.

விடிந்தும் விடியாமல் எழுந்து சமைத்து முடித்தவர், தாளும் பென்சிலுமாகக் கொட்டிலில் பசுமாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் உலக்கை விழுந்தது. கருப்பம்மாள் குரல் எடுத்தாள். அந்தக் குரலை அவர் அதுவரை குழம்பு போதுமா என்று கேட்டுத்தான் அறிவார். இப்போது அது கணீரென்று சுவரைத் தாண்டி வந்தது.

"பெத்தவ மேனி பச்ச மண்ணு
பக்குவமாச் சுட்டெடு பொண்ணு
சுக்கப் போட்டுச் சூடேத்து
திப்பிலி போட்டுத் தெம்பேத்து
பசிச்ச பின்னால சோறு போடு
பாலு ஊறப் பூண்டு போடு
அழுதா அவள அணைச்சுக்கடி
அதுவும் மருந்துன்னு நெனச்சுக்கடி"

அவர் எழுதிக்கொண்டே போனார். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு எழுதினார். இதில் பாதி ஏட்டில் இருந்திருக்கும். பாதியை இந்தப் பெண்கள் சேர்த்திருப்பார்கள். எது எது என்று பிரிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அடி தப்பிவிட்டது.

"அந்தப் பூண்டுக்கு அடுத்த வரி, இன்னொருக்க!" என்று தம்மை மறந்து கத்திவிட்டார்.

உலக்கைகள் நின்றன.  பிறகு கருப்பம்மாள் சொன்னாள்: "சுவத்துக்குக் காது இருக்கும்னு சொல்லுவாக. வாயுமாடி இருக்கும்?"

அந்த முற்றத்தில் எழும்பின சிரிப்பில் பசு மிரண்டு கயிற்றை இழுத்தது. சிரித்து ஓய்ந்தபின், கருப்பம்மாளே சுவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, எழுதிக்கங்க" என்று நேராகச் சொல்லி அந்த அடியை மெதுவாகப் பாடினாள்.

அதன்பிறகு அவர்களிடையே கதவு இல்லை. சாப்பிடும்போது, "ரசத்துல புளி தூக்கல்" என்று மாமியார் முகத்துக்கு நேரே குறை சொன்னாள். அழகுசுந்தரத்துக்கு எந்த ஜமீன் பாராட்டும் அப்படி இனித்ததில்லை.

ஒக்கூரில் இருந்து நேராக வலையபட்டி. ஆச்சியின் இளைய மகள் சிகப்பி அப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அழகுசுந்தரம் இரண்டாம் கட்டில் அதே முக்காலியில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். ஆச்சி கேட்டுவிட்டு, "நீ படிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக பாடித்தான் நான் கேக்கணும்" என்றார். "சிகப்பிக்கு மருந்து இடிக்க அவுகளையே கூட்டிட்டு வா. வில்வண்டி அனுப்புறேன்."

சிகப்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒக்கூர்ப் பெண்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வண்டியில் இருந்து இறங்கினார்கள். அந்த வீட்டின் பெரிய முற்றத்தில் உரல்களைப் போட்டார்கள். கருப்பம்மாள் முதலில் தூண்களையும் கண்ணாடிகளையும் பார்த்துக் குரல் வராமல் நின்றாள். ஆச்சி பக்கத்தில் வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு உலக்கையைத் தாமே எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக் குடு ஆத்தா" என்றார். "நானும் பாடுறேன்."

பாட்டு, அழுதால் அணைத்துக்கொள் என்ற அடிக்கு வந்தபோது ஆச்சி உலக்கையை நிறுத்தினார். கருப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாடிக்கொண்டே ஒரு கையால் ஆச்சியின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழகுசுந்தரம் இதைப் பார்க்கவில்லை. அவரை அடுப்படிக்குத் துரத்தியிருந்தார்கள். ராக்காயி வந்து சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது அவளும் அழுதாள், சிரித்தாள்.

மறுவருஷம் மெய்யநாதன் செட்டியார் பர்மாவிலிருந்து வந்தார். ஆச்சி ஒரே பிடியாக நின்று, அந்த நூலை அச்சுப்போட வைத்தார். காரைக்குடியில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார்கள். அழகுசுந்தரம் சாம்பார் மணக்கும் விரலால் பிழை திருத்தியதால், தாள்களில் மஞ்சள் ரேகை விழுந்தது. முன்பகுதி வலையபட்டி ஏட்டிலிருந்து; கடைசிப் பகுதி ஒக்கூர் கருப்பம்மாள் முதலான பெண்கள் பாடியபடி; அப்படியே முகப்பில் போடவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். கருப்பம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. தன் பெயர் எந்த இடம் என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானா நானு?" என்றாள். பிறகு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

ரயில் காரைக்குடிக்கு வந்த பிறகு அழகுசுந்தரத்தின் வீட்டுக்கு வெளியூர் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். மதுரை வைத்தியர் ஒருவர், திருச்சியில் இருந்து டாக்டர் ஒருவர், ஏடு பார்க்க என்று இறங்குவார்கள். ஏடு காட்டுவதற்கு முன்னால் இலை போட்டுவிடுவார். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கவே மனமில்லாமல், "ஏடு எங்கே போகப் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று பாயில் சாய்ந்த நாட்களும் உண்டு. குதிர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஏட்டுக்கென்றே ஒரு அறை எடுத்தார். சாணம் மெழுகின தரையும் ஓட்டுக்கூரையுமாக அந்த அறை, புல்லெண்ணெய் வாசத்தோடு நிற்கும். ராக்காயி அதற்கு 'ஆசுபத்திரி' என்று பெயர் வைத்தாள்.

ரயில் வந்த அந்த வருஷம் உமையாள் ஆச்சியின் மகனுக்குக் கல்யாணம். சமையல் வேறு யார்? ஆச்சி ஒரு ஏற்பாடு செய்தார். வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் வாசலிலேயே தாம்பூலத்தோடு ஒரு நாவடக்கம். அழகுசுந்தரத்துக்கு இது தெரியாது. அவர் அன்றைக்குத் தம் கைவரிசையெல்லாம் காட்டிக் கத்தரிக்காய்க் கோசுமல்லி செய்திருந்தார். அது அவருடைய பெயர்போன பண்டம். முதல் பந்தியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். பரிமாறப் போன ஆள் பாத்திரம் குறையாமல் திரும்பி வந்தான்.

"அண்ணே, கோசுமல்லி வேண்டாங்குறாக."

"ஏன், உப்புக் கூடிருச்சா?"

"இல்லண்ணே. சொறி சிரங்குக்குக் கத்தரிக்காய் ஆகாதாம். புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுச் சாப்பிடுறாக."

அழகுசுந்தரம் பந்திக்கு வந்து பார்த்தார். வரிசையாக இலைகள்; இலைக்குப் பக்கத்தில் திறந்த புத்தகங்கள். எழுத்துத் தெரிந்த பெண்கள் வாசிக்க, தெரியாதவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பூசணி ஆகுமா பாரு." "எனக்கு மூட்டுவலி, மாவுருண்டை திங்கலாமான்னு பாரு." "ஏ, எல்லாத்தையும் வேண்டாம்னா அப்பறம் மொய் எதுக்கு எழுதுனோம்?"

மணமேடைப் பக்கத்தில் நின்ற ஆச்சி அவரைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அழகுசுந்தரம் கரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தி நடுவில் போய் நின்றார்.

"தாயீக எல்லாரும் கேளுங்க! அந்த நூலுல சொன்னதெல்லாம் நோயாளிக்கு. நோயில்லாதவுக எல்லாம் கையைத் தூக்குங்க!"

பந்தி முழுவதும் கை தூக்கியது. மூட்டுவலிக்காரியும் தூக்கினாள்.

"அப்ப புஸ்தகத்தை மூடுங்க" என்று சொல்லி, தாமே பாத்திரத்தை வாங்கிக் கோசுமல்லி பரிமாறிக்கொண்டே போனார்.